முதல் இறக்கம்

அந்தப் பிக்கப் வண்டி நிற்கும்போது, தரையில் விழுந்த எதையோ குனிந்து தேடுவது போல இருக்கும். பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நாட்களில் ஓடிய சுமை வண்டிகளில் பாதி அப்படித்தான் நின்றன. வண்டியின் எடையைத் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள்; பட்டை என்பார்கள். உர மூட்டை ஏற்றினால் பின்பட்டை அமுங்குகிறது என்று, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே செங்கல் அளவில் ஒரு மரக்கட்டையை வைத்து, நீளமான யு போல்ட்டால் இறுக்கிவிடுவார்கள். கட்டை தோதகத்தியாக, அதாவது ஈட்டி மரமாக, இருக்க வேண்டும். தேக்கில் வைத்தவரை, "என்னப்பா, வண்டிக்குக் கதவு நெலை வச்சிருக்கியா?" என்று மற்ற டிரைவர்கள் கேட்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கூடலூரில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் ஆண்டிபட்டி, வீட்டில் தறி. மதுரையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்திருந்தேன். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். முதலாளிக்குக் குமுளிக்கு அப்பால் ஒரு தோட்டம் இருந்தது. அதற்காக ஒரு பிக்கப்பும் இரண்டு ஜீப்பும், அவை நிற்க ஊர் எல்லையில் ஒரு ஷெட்டும் வைத்திருந்தார். எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் பாதி நேரம் டீக்கடையில் இருந்தாராம். அதனால் டீக்கடைக்கே போக முடியாத ஒருவரை வைத்தால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. அவரே இதை என்னிடம் சொன்னார், பாராட்டாக.

ஆகவே டீ எனக்கு ஷெட்டுக்கு வரும். கொண்டுவருகிறவர் வாசலில் இருந்த எண்ணெய் டிரம்மின்மேல் டம்ளரை வைத்து, இருமிவிட்டுப் போவார். டிரைவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அது மரியாதைதான். ஆனால் மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டுவது கடினம். சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும், அன்று யாரிடம் என்ன பேசினேன் என்று வரிசையாக நினைத்துப் பார்ப்பேன். ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள், அரை லிட்டர் பிரேக் ஆயில். அநேகமாக அவ்வளவுதான் இருக்கும்.

அறையில் இருந்தவை: ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பம்ப் ஸ்டவ், கொடியில் மாற்றுச் சேலை, எதிர்ச் சுவரில் முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஓர் ஆணி. அதில் மாட்ட என்னிடம் எதுவும் இல்லை. சன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். மழை நாளில் அதுவும் தெரியாது.

விடிகாலையில் மட்டும் கொஞ்சம் பேச்சு கிடைக்கும். தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியும், மழைக்குத் தலையில் போடும் கொங்காணியுமாக ஷெட்டு வாசலுக்கு வந்து, பிக்கப்பின் பின்னால் ஏறுவார்கள். டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர், பிரேக் ஆயில் மட்டம், விளக்கு, ஹாரன் என்று நான் வரிசையாகப் பார்த்து முடிக்கும்வரை வண்டி கிளம்பக் கூடாது. அதுவரை அவர்கள் என்னைப் பேச்சுக்கு இழுப்பார்கள்.

"ஆபீசரம்மா, ஒரு நாளு நீங்களும் வாங்க. வண்டியைத் தடவிக்கிட்டே இங்கன இருந்தா எப்புடி?"

"அவுகளை விடுடி. அவுக தடவி அனுப்புறதாலதான் நாம சாயங்காலம் வீடு வந்து சேர்றோம்."

வண்டி போனதும் வாசல் வெறிச்சென்று ஆகிவிடும்.

ஆடிச் சாரலில் தோட்டத்துப் பாதையில் குறுக்கிடும் ஓடை கரையை அரித்துவிட்டது. புதிதாக ஒரு பாறை வெளியே வந்தது. பிக்கப்பின் முன் பம்பர் போகும்போதும் வரும்போதும் அதில் இடித்தது. சில நாட்களில் ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் வளைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வளைந்தால் ரேடியேட்டர் போய்விடும்.

முதலாளி ஷெட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பின்னாடி தூக்குன மாதிரி முன்னாடியும் தூக்கிவிட்ருங்கம்மா. திங்கக்கிழமை மொத எடுப்பு ஆரம்பிக்கணும். பொம்பளையாளுக ஓடையிலருந்து நடந்து ஏறுனா காய் எப்ப எடுக்குறது?"

பிக்கப் டிரைவர் ஏற்கெனவே தயாராக இருந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். ராயப்பன்பட்டிக்காரர். வாரம் முழுக்க ஷெட்டிலேயே படுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வீட்டுக்குப் போவார். குமுளி மலையை அவரைப் போல நிதானமாக ஓட்டிய வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை. சாக்கைப் பிரித்து இரண்டு கட்டைகளை எடுத்துக் காட்டினார். அறுத்து, இழைத்து, எண்ணெய் தடவியிருந்தன.

"பாருங்கம்மா, அசல் தோதகத்தி. கல்யாணக் கட்டிலுக்குப் போடலாம்."

"முன்னால கட்டை வேண்டாம்ண்ணே."

"பின்னால இம்புட்டு வருசமா ஓடுது. பின்னால நல்ல கட்டை முன்னால வந்தா கெட்ட கட்டையாகிருமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேள்வி நியாயமானது என்பதால் நான் பதில் சொன்னேன். இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டியின் கனம் முழுக்க முன்னால் சாய்கிறது. சக்கரம் நிற்க மறுக்கிறது. தன்னோடு அச்சையும் சேர்த்து முறுக்கப் பார்க்கிறது. அந்த முறுக்கைத் தாங்குவது பட்டை. நடுவில் கட்டை இருந்தால் முறுக்குவதற்கு இன்னும் பெரிய கைப்பிடி கொடுத்த மாதிரி. மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். சுருங்கினால் யு போல்ட் தளரும். ஒரு பக்கத்துக் கட்டை நழுவினால் அச்சு கோணலாகி, ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். குமுளி மலையில் அந்தப் பக்கம் எது என்று அவருக்கே தெரியும்.

அவர் கட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்ஜினியரம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா மலையில போறது யாரு? நான்தான. எனக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?"

முதலாளியிடம் இதையே சுருக்கமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை.

"ஊரே வச்சு ஓட்டுதும்மா."

"பின்னால வச்சு ஓட்டுறாக, ஐயா. முன்னால வச்சு மலை இறங்குன வண்டி ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க."

முதலாளி டிரைவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"சரி, வேற என்ன வழி?"

"முன்பட்டை ரெண்டையும் கழட்டித் தேனியில வளைவு ஏத்திக் கொண்டாரணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு பட்டை கூடச் சேக்கணும். யு போல்ட் புதுசு. திங்கக்கிழமை காலையில வண்டி தயாரா இருக்கும்."

"இல்லைன்னா கட்டையை வச்சு அனுப்பிருவேன். அப்ப வந்து மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன்.

அந்தச் சரியைச் சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. நான் முடிக்காவிட்டால், அந்தப் பெண்கள் கட்டையின்மேல் மலை இறங்குவார்கள், என் சம்மதத்தோடு. விடிகாலை வாசலில் நின்று காற்றும் தண்ணீரும் சரிபார்த்து நானே வழியனுப்ப வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினோம். ஷெட்டின் மண்தரையில் ஜாக்கி அமிழும் என்பதால் அடியில் கனமான பலகை போட்டேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணைத்தேன். கை பிரேக் போட்டேன். சக்கரத்து நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தினேன். பிறகுதான் ஜாக்கியை முன் அச்சுக்கு அடியில் கொடுத்து ஏற்றினேன். டிரைவர் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் அடிச்சட்டமான சேஸ் உயர்ந்ததும் எழுந்து, இரண்டு பாறாங்கல்லைக் காலால் உருட்டி வந்தார்.

"இத அடியில கொடுங்க. எப்பவும் இதுதான்."

"கல்லு வெடிக்கும்ண்ணே. ஸ்டாண்டு வரட்டும்."

இரும்பு ஸ்டாண்டு இரண்டையும் கம்பத்தில் இரவல் கேட்டிருந்தேன். ஜீப் கொண்டுவரும்வரை ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றேன். பெரிய சண்டை எதுவும் வரவில்லை. எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஜாக்கியின்மேல் நின்ற வண்டியும் நானும் மட்டும் இருந்தோம். தகரக் கூரையில் சாரல் விட்டு விட்டுப் பெய்தது. கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் டம்ளர் டிரம்மின்மேல் ஆறிக்கொண்டிருந்தது. வண்டியை விட்டு நகரக் கூடாது என்பதால் நான் அதை எடுக்கப் போகவில்லை.

ஸ்டாண்டுகள் வந்ததும், பட்டை மாட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் சேஸின் இரு பக்கமும் கொடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, வண்டியை அவற்றின்மேல் உட்காரவைத்தேன். பிறகு பம்பரில் இடுப்பைக் கொடுத்து இரண்டு பக்கமும் ஓங்கி இடித்தேன்.

"இடிச்சுப் பாக்குறீகளே, அது என்ன மாடா? சந்தையில பிடிச்சாந்த மாதிரி."

"இப்ப இடிச்சு விழுந்தா வண்டி மட்டும்தான் விழும். அடியில ஆளு போனப்பறம் விழக் கூடாதில்ல."

அவர் பீடியை அணைத்துக் காதில் சொருகினார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். அச்சு தொங்கிவிடாமல் அதற்குத் தனியாக ஜாக்கி கொடுத்தேன். யு போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினோம். அன்று முழுக்க நாங்கள் பேசிய வார்த்தைகள் 'பிடிங்க', 'விடுங்க' என்ற இரண்டுதான். அந்த வாரத்தில் யாரும் என்னோடு அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

கழற்றிய பட்டைகளை ஜீப்பில் ஏற்றித் தேனிக்குப் போனேன். பட்டை வேலை செய்யும் பட்டறையில் ஒரு பெரியவர் தகடுகளைப் பிரித்து, உலையில் பழுக்கவைத்து, அடித்து வளைவு ஏற்றினார். பாறையின் உயரத்தைக் கயிற்றில் அளந்து கொண்டுபோயிருந்தேன். மூன்று விரற்கடை போதும் என்றேன். அதற்கு மேல் போனால் ஸ்டியரிங் ராடு சாய்ந்துவிடும்.

"மூணுதானா? வாறவங்க எல்லாம் ஒரு சாண் கேக்குறாங்க" என்றார். "ஆம்பளையாளு யாரும் கூட வரலையாம்மா?"

"ஜீப்புல இருக்காரு."

ஜீப் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகி வேலையைத் தொடர்ந்தார்.

சனிக்கிழமை மாட்டினோம். புது யு போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பட்டையின் இரு முனையிலும் உள்ள போல்ட்டுகளை மட்டும் முழுக்க இறுக்கவில்லை. வண்டியின் கனம் தரையில் இறங்கிய பிறகு இறுக்க வேண்டியவை அவை. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். பிறகு அச்சைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இடது கடைசிவரை ஒடித்துப் பார்த்தேன். வலது கடைசிவரை ஒடித்தபோது, பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் விறைத்து நின்றது. விரலால் தட்டினால் தந்தி போல அதிர்ந்தது. சேஸ் உயர்ந்ததால் ஹோஸின் நீளம் போதவில்லை. சமதளத்தில் ஒன்றும் ஆகாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி, அதே நேரம் வலது பக்கம் ஒடித்தால் அறுந்துவிடும்.

டிரைவரும் குனிந்து பார்த்தார். அவரே விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இத நான் பாத்திருக்க மாட்டேன்" என்றார். அப்புறம், "கடை சாத்துறதுக்குள்ள போகணும்னா இந்தப் பஸ்ஸைப் பிடிங்க" என்றார்.

மறுபடி தேனி. பழைய ஹோஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நீளமான ஒன்றைக் கடை கடையாகக் கேட்டு, கடைசியில் லாரிச் சாமான் கடையில் பிடித்தேன். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், பையில் இருந்து எட்டிப் பார்த்த ரப்பர் குழாயைப் பார்த்து, "கேஸ் அடுப்பாம்மா? நல்லா எரியுதா?" என்று கேட்டார். நன்றாக எரிகிறது என்று சொன்னேன். இறங்கும்வரை சமையல் பற்றிப் பேசினோம். எங்கள் வீட்டில் ஆறு பேர் என்றுகூடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி தரையில் இறங்கியது. பின்னும் முன்னும் ஒரே மட்டம். தேடிக்கொண்டிருந்த பொருள் கிடைத்து நிமிர்ந்த மாதிரி நின்றது. முதலாளி வந்து பம்பருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். ராயப்பன்பட்டியில் மாதா கோயில் பூசை முடித்து, டிரைவரும் வெள்ளைச் சட்டையோடு பஸ் பிடித்து வந்திருந்தார்.

"அப்ப நாளைக்கு வண்டி போகலாம்" என்றார் முதலாளி.

"போகலாங்க. ஆனா மேஸ்திரி ஏறணுமே" என்றார் டிரைவர்.

மலை ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ முன் அச்சிலோ கை வைத்த மெக்கானிக், அவர்கள் சொல்லும் மேஸ்திரி, அதன் பிறகு வண்டி முதல் தடவையாக மலை இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏறும்போது எப்படியும் போகட்டும். இறங்கும்போது அவர் உள்ளே இருக்க வேண்டும். குமுளியில் அவருக்குச் சாப்பாடு வாங்கித் தருவது டிரைவரின் பொறுப்பு. அதுவரை எங்கள் வண்டிகளுக்கு அந்த மாதிரி வேலைகள் கம்பத்தில்தான் நடந்தன. என் கையால் நடந்தது இதுதான் முதல் தடவை.

முதலாளி சங்கடப்பட்டார். "அது எப்புடிப்பா? வயசுப் பொண்ணு. முன்சீட்டுல ஒம் பக்கத்துல உக்காத்தி வச்சு கூடலூர் பஜாரைத் தாண்டிப் போனா ஊரு என்ன பேசும்? கம்பத்துலருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்றேன், அவன் உக்காரட்டும்."

"வேலை பாக்காத ஆளு உக்காந்து என்ன செய்ய? அதுக்கு ஒரு மூட்டையைத் தூக்கி வச்சுக்கிறேன்."

"நான் வர்றேன்" என்றேன். "மொத இறக்கத்துக்கு மட்டும் பின்னால ஆளு ஏறக் கூடாது. பொம்பளையாளுகளைத் தோட்டத்துல விட்டுட்டு, வெறும் வண்டியா இறங்கிப் பாத்துட்டு, சாயங்காலம் போய்க் கூட்டியாருவோம்."

முதலாளி ஊரைப் பற்றி இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் சோறு வடித்துவிட்டு, செய்த வேலையை முதலில் இருந்து மனதில் ஓட்டினேன். எங்கும் தட்டவில்லை. மறுபடி ஓட்டினேன். பயம் வேலையைப் பற்றியதல்ல என்று அப்போதுதான் புரிந்தது. நாளை ஏதாவது ஆனால் இந்த ஊரில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். முதலாளியின் பெயருக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எதிர்ச் சுவரில் ஆணி இருந்தது. கிரீஸ் பட்ட சேலையின் தலைப்பை மட்டும் அலசி, சேலையை அதில் மாட்டிக் காயப்போட்டேன்.

திங்கள் விடிகாலை ஷெட்டுக்குப் போனபோது பிக்கப்பின் முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகிற மாதிரிப் பட்டுச் சேலை, கையில் ஜெபமாலை, மடியில் ஒரு சோற்றுப் பொட்டலம். டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதில் முழுக் கவனமாக இருந்தார்.

"எங்க வீட்டுல" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

நான் வேலை பார்த்த வண்டியின் முன்சீட்டில் தன் மனைவியை உட்காரவைத்திருந்தார். ஊர் வாய்க்காகவும்தான், தெரியும். ஆனால் அதற்கு வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

பின்னால் ஏறிய பெண்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "அடியே, இன்னைக்கு டிரைவரண்ணே வாயே திறக்க முடியாது. பக்கத்துல ஒரு காவலு, அதுக்குப் பக்கத்துல ஒரு காவலு."

"ஆபீசரம்மா ஒரு வழியா வண்டில ஏறிட்டாக. மழை கொட்டப் போகுது."

நடுவில் அவர் மனைவி, சன்னல் பக்கம் நான். கியர் கம்பி அந்த அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் டிரைவர், "காலை எடு" என்பார். மனைவி, "எடுத்தாச்சு, எடுத்தாச்சு. வீட்டுலதான் அதிகாரம்னா இங்கனயுமா?" என்பார். லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஜெபமாலை வேகமாக உருண்டது. முதல் கொண்டை ஊசியில் "சேசு மரி சூசை" என்று என் கையைப் பிடித்தவர், அதன்பின் விடவில்லை.

"பதினாறு வருசமாக் குடும்பம் நடத்துறேன், தங்கச்சி. இவுக வேலை பாக்குறதை இப்பத்தான் பாக்குறேன். சனிக்கிழமை வந்தா சோறு தின்னுட்டுத் தூங்குவாக. நான் என்னமோ சும்மா உக்காந்து ஸ்டியரிங்கைத் திருப்புறாகன்னு நெனச்சேன்."

ஓடை வந்தது. பின்னால் பேச்சு நின்றது. எல்லாரும் இடிக்குப் பழகியவர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பம்பர் பாறையைத் தாண்டியது. இடி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ, "ஓடை எங்கடி?" என்று கேட்டார்.

அவர்களை விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினோம். குமுளியில் டிரைவர் வழக்கப்படி எங்கள் இருவருக்கும் புட்டும் கடலையும் வாங்கிக் கொடுத்து, தான் தள்ளி நின்று சாப்பிட்டார். பிறகு முதல் இறக்கம். வளைவுகள் தொடங்குமுன் நேரான ஓரிடத்தில் கொஞ்சம் வேகம் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கில் இருந்து விரல்களைத் தளர்த்தினார். வண்டி குனிந்து, நின்றது. ஸ்டியரிங் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மூக்குக்கு நேராகச் சாலை கிடந்தது.

"ம்" என்றார்.

"என்ன ம்? வயித்துல இருந்தது தொண்டைக்கு வந்துருச்சு" என்றார் மனைவி.

பாதி மலையில், வண்டிகள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். புது யு போல்ட்டுகள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். மறுபடி இறுக்க வேண்டும். சாக்கை விரித்து அடியில் போனேன். டிரைவரின் மனைவி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து, நான் கேட்ட ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தார். சாமான்களின் பெயர் தெரியாது; "நெட்டையா, குட்டையா?" என்று கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் கட்டை ரெண்டும் எங்க வீட்டுக்கு வந்துருச்சு தெரியுமா?"

"எந்தக் கட்டை?"

"அதான், வண்டிக்குன்னு இழைச்சாகளே. சனிக்கிழமை தூக்கியாந்து போட்டாக. நல்ல மரமா இருக்கேன்னு கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்துட்டேன். தலைமாட்டுப் பக்கம் மட்டும். ராத்திரி பூராம் இவுக கால்மாட்டுக்கு வழுக்கி வழுக்கிப் போறாக."

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் சிரித்தேன். சேஸில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. என்னுடையது போல இல்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர், "என்ன சொன்னா இவ?" என்று கேட்டார். அவர் மனைவி எனக்கு அடுத்த ஸ்பானரை நீட்டினார்.

நட்டுகள் கால் சுற்று ஏறின. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் டிரைவரின் மனைவி இறங்கினார். "ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க தங்கச்சி, கோழி அடிக்கிறேன்" என்றார். வருகிறேன் என்றேன். டிரைவர் முன்னால் எந்த நாள், எந்தப் பஸ் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் டீ டிரம்மின்மேல் வந்தது. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. டிரைவர் மட்டும், பிக்கப்பின் பின்பட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பின்கட்டையும் ஒரு நாளு பாக்கணும்மா" என்றார். வேறு மாற்றம் இல்லை.

வழக்கம் என்றால் வழக்கம்தான். இனி பிரேக்கிலோ முன் அச்சிலோ நான் கை வைத்தால் டிரைவரின் மனைவியும் வர வேண்டும். இல்லாமல் என்னை முன்சீட்டில் ஏற்ற முதலாளி சம்மதிக்க மாட்டார். நான் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினேன் என்று எனக்கே உடனே தெரியவில்லை. மாதம் தவறாமல் அடியில் படுத்து யு போல்ட்டில் ஸ்பானரைப் போடுவேன். நட்டு அசையாது. பிரேக் ஹோஸை இரு பக்கமும் ஒடித்துப் பார்ப்பேன். தளர்வாக, சரியாகத் தொங்கும். பிரேக் லைனிங்கூட அந்த வருஷம் தேயாமல் நின்றது. டிரைவர் கியரிலேயே மலை இறங்குபவர். நன்றாகச் செய்த வேலை. அதில் மறுபடி கை வைக்க ஒரு காரணமும் இல்லை.

எடுப்பு முடியும் காலம்வரை பெண்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். பனி விழத் தொடங்கிய ஒரு விடிகாலையில், காற்று, தண்ணீர், ஆயில், விளக்கு, ஹாரன் எல்லாம் பார்த்து முடித்து, வண்டியின் பக்கவாட்டில் தட்டினேன். முன்சீட்டில் டிரைவரைத் தவிர யாரும் இல்லை.

"ஆபீசரம்மா, இன்னைக்கு வரலையா?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.